மழை எண்ணும் பெட்டி: பலகையும் நிரலும் சேர்ந்து உருவாவது எப்படி?

24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழை தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம். மண்சரிவு அபாயத்துக்கு இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் படிகள் இவை. 2014 ஒக்டோபர் 29இல் மலையகத்து மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை, மண் மூடியதும் கடும் மழைக்குப் பிறகுதான். ஆகவே, தோட்டத்து மேட்டில் நிற்கும் தானியங்கி மழைமானி ஒரு நாள் மழையை விடாமல் கூட்டிவர வேண்டும். அதன் மின்சுற்றுப் பலகையை ஒருவர் முடித்துக் கொடுத்த பிறகு இன்னொருவர் நிரல் எழுதினால், இந்தச் சின்ன வேலையிலேயே கோளாறு வரும்.

உள்ளே இருப்பது ஒரு சாய்வாளி, அதாவது நிரம்பியதும் தானாகக் கவிழும் சிறு வாளி. 200 மி.மீ. விட்டமுள்ள புனலில் 0.2 மி.மீ. மழை விழுந்தால் 6.28 மில்லிலீற்றர் நீர் சேரும். வாளி ஒரு தரம் கவிழும். அப்போது அதிலுள்ள காந்தம் ஒரு காந்த ஆளியை நொடிப்பொழுது மூடித் திறக்கும். ஆளியின் தகடுகள் மோதித் துள்ளுவதால் ஒரு கவிழ்ப்பு மூன்று நான்காக எண்ணப்படலாம். இதற்குத் தனிச் சுற்று தேவையில்லை. மணிக்கு 200 மி.மீ. கொட்டினாலும் இரு கவிழ்ப்புகளுக்கு இடையில் 3.6 செக்கன் இருக்கும். முதல் துடிப்புக்குப் பின் 200 மில்லிசெக்கன் வருவதை நிரல் பொருட்படுத்தாமல் விட்டால் போதும்.

சிக்கல் அந்த ஆளியை மேலிழுக்கும் தடையில், அதாவது ஆளி திறந்திருக்கும்போது கம்பியை மின்வழங்கலின் வோல்ற்றில் பிடித்து வைக்கும் தடையில், இருக்கிறது. வழக்கம்போல் 10 கிலோ ஓம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சிலந்தி வலையோ குப்பையோ தடுத்து வாளி பாதியில் நின்றால் ஆளி மூடியே கிடக்கும், 3.3 வோல்ற்றில் 0.33 மில்லிஅம்பியர் இரவு பகலாக ஓடும், நாளுக்கு 8 மில்லிஅம்பியர் மணி வீண். சிக்கனம் என்று 1 மெகா ஓமுக்குப் போனால் பனிமூட்டம் விடாது. ஈரமான இணைப்பியின் கசிவுத் தடை 400 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினாலே ஆளி மூடியதாகத்தான் நிரலை இயக்கும் சில்லான மைக்ரோகொன்ட்ரோலருக்குப் படும். நுவரெலியாவின் ஈரத்தில் அது அபூர்வமல்ல. 100 கிலோ ஓம் நடுவழி. அதன் மேல்முனையை நேராக மின்வழங்கலில் கட்டாமல் மைக்ரோகொன்ட்ரோலரின் இன்னொரு காலில் (pin) கட்டவேண்டும். ஆளி ஒரு செக்கனுக்கு மேல் மூடியிருந்தால் நிரல் அந்தக் காலை அணைத்துவிட்டு, இடையிடையே போட்டுப் பார்க்கும். வாளி சிக்கியதையும் அறிவிக்கும். இதற்கு மேலதிகச் செலவு ஒரு செப்புக்கோடுதான். பலகை அச்சாகி வந்தபின் அந்தக் கோட்டை எந்த நிரலாலும் போட முடியாது.

நினைவகத்திலும் இதே கணக்குத்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளுக்கு 144. மைக்ரோகொன்ட்ரோலரின் அழியா நினைவகத்தில் ஒரே இடத்தில் ஒரு இலட்சம் தரம் எழுதலாம் என்றால், அந்த இடம் 694 நாளில் முடிந்துவிடும். 144 இடங்களை வட்டமாகச் சுற்றி எழுதினால் ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஒரு தரம்தான் எழுதப்படும். தனி நினைவகச் சில்லு வாங்கத் தேவையில்லை. ‘அடுத்த இடம் எது’ என்ற குறியை மட்டும் ஒரே இடத்தில் வைத்தால் செய்த வேலை வீண். ஒவ்வொரு பதிவோடும் வரிசை எண்ணை எழுதி, அதிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

இனி, பதிவுகளைக் கைபேசி வலையமைப்பு வழியாக அனுப்பும் மொடெம். ஜிஎஸ்எம் மொடெம் செய்தி அனுப்பும்போது கணநேரத்துக்கு 2 அம்பியர் வரை இழுக்கும். மின்கலமும் கம்பியும் சேர்ந்து 0.3 ஓம் என்றால் 0.6 வோல்ற் சரியும், 3.6 வோல்ற்றில் இருந்த கலம் 3.0இல் நிற்கும். மொடெமும் அணையும், மைக்ரோகொன்ட்ரோலரும் மீளத் தொடங்கலாம். குளிரில் கலத்தின் உட்தடை கூடுவதால் இது பெரும்பாலும் விடிகாலையில்தான் நடக்கும். தடித்த குட்டைக் கம்பியும் மொடெமுக்கு அருகே கணநேர மின்னைத் தேக்கித் தரும், 1000 மைக்ரோபரட்டுக்குக் குறையாத கொள்ளளவியும் பலகையின் பங்கு. பதிவை எழுதி முடித்த பின்னரே மொடெமை எழுப்புவதும், கலம் தளர்ந்திருந்தால் அனுப்புவதைத் தள்ளிப்போடுவதும் நிரலின் பங்கு. உறைபனி விழும் இரவுகள் உள்ள இடத்தில் இன்னொன்று: லித்தியம்-அயன் கலத்தை 0 பாகைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது. வெப்ப உணரியைக் கலத்தோடு ஒட்டி வைத்து, மின்னேற்றியை நிறுத்த மைக்ரோகொன்ட்ரோலரில் ஒரு காலையும் முதல் வரைபடத்திலேயே ஒதுக்குங்கள்.

பலகைக்கு ஓடர் கொடுக்குமுன், கம்பிகளால் கட்டிய மாதிரியில் 628 மில்லிலீற்றர் நீரை மெதுவாகச் சொட்ட விடுங்கள். 100 கவிழ்ப்பு வர வேண்டும். அதே நீரை வேகமாக விட்டால் எண்ணிக்கை குறையும், வாளி சாயும் நேரத்திலும் நீர் விழுந்துகொண்டே இருப்பதால். அந்தக் குறையை வேகத்துக்கு ஏற்ற திருத்த அட்டவணையாக நிரலில் சேர்க்கலாம். அதற்குக் கவிழ்ப்புகளின் எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொன்றின் நேரமும் வேண்டும். அதனால் மைக்ரோகொன்ட்ரோலர் உறங்கும்போதும் ஓடும் 32.768 கிலோஹேர்ட்ஸ் கடிகாரப் படிகத்துக்குப் பலகையில் இடம் விட வேண்டும்.