ஒன்றரை மில்லிமீட்டர் சமாச்சாரம்: பழைய ஹை-பவரா, புது நகலா?

அமெரிக்காவில், டெக்ஸாஸில் இருக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார். சனிக்கிழமை தோறும் சுடுதளத்துக்குப் போய்க் குறிபார்த்துச் சுடுகிறவர். "சார், இங்கே கடையில் இஸ்ரேல் போலீஸ் கழித்துவிட்ட பெல்ஜியம் ஹை-பவர் பிஸ்டல் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே துருக்கியில் செய்த அதன் நகல், புத்தம் புதுசு. அந்தக் காலத்து உருக்கை அடிச்சுக்க முடியாது, பழையதையே எடு என்கிறார் கடைக்காரர். உண்மையா?"

இந்தியாவில் இருக்கும் நமக்கு இந்தத் தலைவலி இல்லை. 9 மில்லிமீட்டர் தோட்டா சுடும் கைத்துப்பாக்கி இங்கே தனியாருக்குத் தடை. ஆனால் இதே பிஸ்டலை நம்மில் பலர் பார்த்திருப்போம். நம் ராணுவமும் போலீஸும் பல ஆண்டுகளாக இடுப்பில் செருகியிருக்கும் '9 எம்எம் 1ஏ' இதே வடிவம்தான். மேற்கு வங்கத்தின் இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்வது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போலீஸ் கண்காட்சியில் அதைப் பிரித்து, பச்சைத் துணி விரித்த மேசை மேல் பரப்பி வைத்திருந்தார்கள். கூட்டமெல்லாம் பெரிய ரைபிள்கள் பக்கம் போய்விட, நான் மட்டும் அந்தக் குழலையே பார்த்துக்கொண்டு நின்றேன். காவலர் ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார். "இதுக்கு அடியில இருக்கிற காடியைப் பார்க்கணும் சார்" என்றதும் சிரித்துவிட்டுத் திருப்பிக் காட்டினார். கடைசியில் வாசகரின் கேள்விக்கும் அந்தக் காடிதான் பதில்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜான் மோசஸ் பிரௌனிங் என்ற அமெரிக்கர் இதை வரைய ஆரம்பித்தார். தன் முந்தைய புகழ்பெற்ற பிஸ்டலின் உரிமைகளைக் கோல்ட் நிறுவனத்துக்கு விற்றிருந்ததால், தான் கண்டுபிடித்ததையே தொடாமல் சுற்றிப் போக வேண்டிய நிலை. 1926இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், எஃப்என் ஆயுதத் தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோதே இறந்துபோனார். அங்கிருந்த தியூடோனே சேவ் என்ற வடிவமைப்பாளர் அதைக் கையில் எடுத்தார். 1928இல் பழைய காப்புரிமைகள் காலாவதியானதும் அவற்றிலிருந்த நல்லதையும் சேர்த்துக்கொண்டு, 13 தோட்டா கொள்ளும் மேகசினோடு முடித்தார். 1935இல் பெல்ஜியம் ராணுவம் ஏற்றது. 1940இல் ஜெர்மானியர் தொழிற்சாலையைப் பிடித்துத் தங்களுக்காகச் செய்துகொண்டார்கள். 1944 முதல் கனடாவில் இங்கிலிஸ் நிறுவனம் நேச நாடுகளுக்காகச் செய்தது. ஒரே பிஸ்டல், போரின் இரு பக்கமும்! அப்புறம் அர்ஜென்டினா, இந்தியா. யாரையும் கேட்காமல் ஹங்கேரி. அசல், நகல் என்று நேர்க்கோடு போடுவது அவ்வளவு சுலபமில்லை.

சரி, காடிக்கு வருவோம்.

காருக்குக் காற்றடிக்கும்போது 32 பிஎஸ்ஐ என்கிறோம் இல்லையா? 9 மில்லிமீட்டர் தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழக்கூடிய அழுத்தத்தின் உச்ச வரம்பு 35,000 பிஎஸ்ஐ. டயரைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். இது தோட்டாவின் ஈயத்தை முன்னால் தள்ளுவது போலவே, பித்தளைக் கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. கூட்டின் பின்னால் கதவு மாதிரி இருப்பது ஸ்லைடு. அந்தக் கதவு ஈயம் குழலை விட்டு வெளியேறும் முன் திறந்தால், பித்தளை கிழிந்து சுடுகிறவர் முகத்தில் வாயு அடிக்கும். ஆவி அடங்குவதற்குள் குக்கர் மூடியைப் பிடுங்கின கதை. ஆனால் திறக்காமலும் இருக்கக் கூடாது. திறந்தால்தான் காலிக் கூடு வெளியே விழுந்து அடுத்த தோட்டா ஏறும். ஆகவே இந்தக் கதவு தானாகவே பூட்டிக்கொள்ள வேண்டும், தானாகவே சரியான நேரத்தில் திறக்கவும் வேண்டும். நேரம் என்றால் எவ்வளவு? ஈயம் குழலுக்குள் இருப்பது சுமார் அரை மில்லி விநாடி. இதற்கு மின்சாரமும் இல்லை, சென்சாரும் இல்லை.

பிரௌனிங்கின் விடை என்னை இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது. குழலைக் கதவோடு சேர்த்தே பின்னால் போக விடு என்றார். குழலின் முதுகில் இரண்டு வரம்புகள், பல் மாதிரி. ஸ்லைடின் உள்கூரையில் அதற்கேற்ற இரண்டு பள்ளங்கள். பல் பள்ளத்தில் கவ்வியிருக்கும்வரை குழலும் ஸ்லைடும் ஒரே துண்டு. வெடித்ததும் இரண்டும் சேர்ந்தே பின்வாங்கும். எவ்வளவு தூரம்? பள்ளிக்கூட உந்தக் கணக்கே போதும். ஈயத்தின் எடை 7.5 கிராம். ஸ்லைடும் குழலும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் குழலுக்குள் 10 சென்டிமீட்டர் ஓடுகிறது. எடை விகிதப்படி ஸ்லைடு அதே நேரத்தில் பின்னால் போவது ஒன்றரை மில்லிமீட்டர்!

அதாவது ஈயம் வாசலைத் தாண்டும்போது இங்கே எல்லாம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். அதற்கு மேலும் சிறிது தூரம் பூட்டு பூட்டாகவே இருந்தால் போதும், அழுத்தம் விழுந்துவிடும். கடிகாரத்துக்குப் பதில் தூரத்தையே கடிகாரமாக வைத்துவிட்டார் மனுஷன். மருந்து கொஞ்சம் வேகமாக எரிந்தாலும் மெதுவாக எரிந்தாலும் கவலை இல்லை. ஈயம் வேகமாகப் போனால் ஸ்லைடும் அதே விகிதத்தில் வேகமாக வரும். விகிதம் எடையில் இருக்கிறது, மருந்தில் இல்லை.

சில மில்லிமீட்டர் போன பிறகு பூட்டைத் திறப்பது யார்? அதுதான் காடி. குழலின் பின்பகுதிக்கு அடியில் தொங்கும் கட்டியில் சரிவாக வெட்டிய ஒரு வழி. பிஸ்டலின் சட்டகத்தில் குறுக்காக ஒரு உருக்குத் துண்டு, அசையாமல். பின்னால் வரும் குழலின் சரிவு அந்தத் துண்டில் ஏறி வழுக்கும்போது குழலின் பின்முனை கீழே இழுபடுகிறது. பல் பள்ளத்தை விட்டு இறங்குகிறது. குழல் நின்றுவிடும், ஸ்லைடு தனியாகத் தன் வழியே பின்னால் ஓடும், கூட்டைப் பிடுங்கி எறியும், ஸ்பிரிங் திருப்பித் தள்ளும், அடுத்த தோட்டாவை முட்டி உள்ளே அனுப்பும். இவரே முன்பு செய்த 1911 பிஸ்டலில் இந்த இறக்கும் வேலைக்கு ஆடும் இணைப்பு ஒன்று இருந்தது. இங்கே ஆடுவது எதுவும் இல்லை, சரிவு மட்டும். இன்று உலகில் விற்கும் பெரும்பாலான பிஸ்டல்கள் இந்தச் சாய்கிற குழலின் பேரப்பிள்ளைகள்தான்.

இப்போது தேய்மானத்துக்கு வருவோம். கூட்டைப் பின்னால் தள்ளும் விசை உச்சத்தில் சுமார் ஒன்றரை டன். பதறாதீர்கள், முழுவதும் பல் மேல் விழாது. பெரும்பகுதி ஸ்லைடை முடுக்கவே செலவாகும், குழலைக் கூடவே இழுக்க வேண்டிய பங்கு மட்டும்தான் பல்லில். குழலின் எடை மொத்தத்தில் கால்வாசி என்றால், பல்லில் முந்நூறு நானூறு கிலோ. தாங்கக்கூடியதுதான். ஆனால் பல்லாயிரம் தடவை. உருக்கு மெத்தென்று இருந்தால் பல்லின் விளிம்பு நசுங்கும். கடினம் கூடிவிட்டால் விரிசல் விடும். காடியின் சரிவு ஒரு இம்மி தப்பாக வெட்டப்பட்டிருந்தால், பல் முழுதாக இறங்குவதற்குள் ஸ்லைடு கிளம்பி, போகிற போக்கில் பல்லின் விளிம்பைச் செதுக்கிக்கொண்டே போகும். வட்டமாக மழுங்கிய பல்லைப் பார்த்தால் நேரம் தப்புகிறது என்று படித்துக்கொள்ளலாம்.

இப்போது கடைக்காரரின் 'அந்தக் காலத்து உருக்கு'. இந்த நம்பிக்கை நம் வீடுகளிலும் உண்டு. தாத்தா காலத்து அரிவாள், அப்பாவின் சைக்கிள். உடைந்ததெல்லாம் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது, உடையாமல் மிஞ்சியதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைப் புகழ்கிறோம். ஜெர்மானியர் பிடியில் கடைசி ஆண்டுகளில் லியேஜில் செய்த ஹை-பவர்களும் 'அந்தக் காலத்து' சரக்குதான். மேலே மில்லிங் கோடுகள் அப்படியே தெரியும். அடித்து உருவாக்கியது உசத்தி, வார்ப்பு மட்டம் என்பதும் அதே ரகம். 1990களில் இதே பிஸ்டலை .40 அங்குல அளவுத் தோட்டாவுக்கு மாற்றப் பார்த்தபோது அடித்துச் செய்த பழைய சட்டகம் தாங்கவில்லை. அந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தமும் அதே 35,000தான், ஆனால் ஈயம் கனம், உந்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஸ்லைடு அவ்வளவு வேகமாக வந்து மோதியது. எஃப்என் என்ன செய்தது தெரியுமா? வார்ப்புச் சட்டகத்துக்கு மாறியது. கலவையும் வெப்பப் பதமும் சரியாக இருந்தால் வார்ப்பு ஒன்றும் கேவலமில்லை.

நகலின் நோய் வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பம்பின் உதிரி பாகத்தைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று செய்யச் சொன்னார்கள். மைக்ரோமீட்டரால் நூறு இடத்தில் அளந்து செய்தேன். பொருந்தவே இல்லை. நான் அளந்தது பத்து வருடம் ஓடித் தேய்ந்த துண்டு! எந்த அளவு வரைபடத்தில் இருந்தது, எது தேய்மானம், எது அன்றைக்கு லேத்தில் நின்றவரின் கைவண்ணம் என்று துண்டு சொல்லாது. வரைபடம் இல்லாமல் நகலெடுக்கிற எவருக்கும் இதே கதிதான். வெளி வடிவம் முதல் நாளே வந்துவிடும், காடியின் கோணமும் பல்லின் பதமும் வர நாளாகும். அதனால்தான் ஒரு மாடலின் முதல் வருடச் சரக்கை வாங்காமல், நான்கு பேர் சுட்டுக் குறைசொல்லி, செய்தவர் திருத்திய பிறகு வாங்குவது புத்திசாலித்தனம்.

நகல்கள் சில இடங்களில் அசலைவிட மேல் என்பதையும் சொல்ல வேண்டும். மேகசினைக் கழற்றினால் சுட முடியாதபடி ஒரு பாதுகாப்பு பழையதில் உண்டு. டிரிக்கரை அழுத்தும்போதெல்லாம் அதன் குச்சி மேகசினின் முகத்தில் உரசி, டிரிக்கர் கரகரவென்று இருக்கும். 2021இல் வந்த அமெரிக்க நகல் அதைத் தூக்கிவிட்டது. 1980களுக்கு முந்தைய பிஸ்டல்களில் தோட்டா ஏறும் சரிவில் ஒரு கூன் இருக்கும். உருண்டை மூக்குத் தோட்டாவுக்குச் சரி, குழிமூக்குத் தோட்டா முட்டிக்கொண்டு நிற்கும். புது நகல்களில் அந்தக் கூனும் இல்லை.

பழையதில் நான் அதிகம் பயப்படுவது குழலின் உட்புறத்துக்குத்தான், காரணம் வேதியியல். அந்தக் காலத் தோட்டாக்கள் பலவற்றின் பற்றுமருந்தில் (அடியில் முதலில் தீப்பிடிக்கும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். நம் சமையல் உப்புக்குப் பங்காளி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது போல இதுவும் ஈரத்தை இழுக்கும், எண்ணெய்ப் பூச்சுக்கு அடியிலேயே உட்கார்ந்து துருவைக் கிளப்பும். உப்பு எண்ணெயில் கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, அப்புறம் எண்ணெய் போட்டவர் கையில் இருந்த குழல் பிழைத்தது. மற்றதெல்லாம் உள்ளே அம்மைத் தழும்பு.

இன்னொன்று உலோகக் களைப்பு. வளைத்து வளைத்துக் கம்பியை ஒடிப்போமே, அது. 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய ரயில்வேயில் அச்சுகள் காரணமில்லாமல் முறிந்தபோது அகஸ்ட் வோலர் என்ற பொறியாளர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுற்றவிட்டுச் சோதித்தார். உருக்குக்கு ஒரு வரம்பு உண்டு, தகைவு அதற்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை என்பது பொருட்டில்லை என்று கண்டார். சலிப்பான வேலை, பலன் பிரம்மாண்டம். இன்றைக்கு அப்படி ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தால் பணம் கிடைக்குமா? புது உலோகக் கலவை என்றால் நிதி வரும். இருக்கிற உலோகம் எப்போது உடையும் என்று பத்து வருடம் சுற்றவிட்டுப் பார்க்கிறேன் என்றால் கேட்கிறவர் கொட்டாவி விடுவார். பாலம் விழுந்த மறுநாள் மட்டும் கூப்பிடுவார்கள்.

வாசகருக்கு நான் எழுதிய பதில் இதுதான். வாரம் இருநூறு ரவுண்டு சுடுவதென்றால் நகலை எடுங்கள், தேய்ந்தால் வருத்தம் இல்லை. எப்போதாவது சுட்டு, கையில் வைத்து அழகு பார்க்க என்றால் பழையது. ஆனால் பணம் கொடுக்கும் முன் ஸ்லைடைக் கழற்றிக் குழலின் முதுகைப் பார்க்க வேண்டும். பல்லின் விளிம்பு கூராக இருக்கிறதா, காடிக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் உண்டா என்று. ஸ்பிரிங்குகளைப் பார்க்கவே வேண்டாம், வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள், செலவு அற்பம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தாலும் தளர்ந்த ஸ்பிரிங் இறுகாது. அது தளர்ந்தால் ஸ்லைடு வேகமாக வந்து சட்டகத்தில் இடிக்கும்.

நேற்றுப் பதில் வந்தது. கடைக்காரர் முனகிக்கொண்டே கழற்றிக் காட்டினாராம். பல்லிரண்டும் கூராக இருக்கின்றன, விரிசல் இல்லை. குழலுக்குள் டார்ச் அடித்தால் புள்ளி புள்ளியாகக் குழி. வேறு குழல் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார். போடலாம், ஆனால் அப்படியே சொருகினால் ஆகாது. பல்லையும் காடியையும் அந்த ஸ்லைடுக்கு ஏற்ப அரம் போட்டுப் பொருத்தத் தெரிந்த ஆள் வேண்டும். அவர் கூலியை விசாரித்து, அதைப் பழையதின் விலையில் கழித்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.