சடசடக்கும் வரைதான் பான் மீ

வியட்நாமியத் தெருக்கடையில் அப்போதுதான் கட்டிக் கொடுத்த பான் மீ சாண்ட்விச்சை லேசாக அமுக்கினாலே சடசடக்கும். ஒரு கடி கடித்தால் சட்டையெல்லாம் துகள். அதையே பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போய் ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தால், ரப்பர் மாதிரி இழுபடும். இடையில் என்ன நடந்தது? தண்ணீர் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ரொட்டியின் உள்பகுதியில் எடைக்குச் சுமார் 40 சதவீதம் தண்ணீர் இருக்கும். மேலோட்டில் மிகக் கொஞ்சம். அந்த அளவுக்கு உலர்ந்த மாவுச்சத்தும் குளூட்டன் என்ற கோதுமைப் புரதமும் வளையாது, உடையும். உணவு விஞ்ஞானிகள் இதைக் 'கண்ணாடி நிலை' என்கிறார்கள். நமக்குக் கேட்கும் சடசடப்பு, நுண்ணிய விரிசல்கள் அடுத்தடுத்து விடும் சத்தம். உள்ளிருந்தோ சைகோனின் (இன்றைய ஹோ சி மின் நகரம்) புழுக்கக் காற்றிலிருந்தோ ஈரம் ஏறினால் மூலக்கூறுகளுக்கு நகர இடம் கிடைத்து ஓடு தோலாகிவிடும். கொடுக்கும் முன் ரொட்டியைக் கரி அடுப்பில் ஒரு வாட்டு வாட்டுவது, அந்த ஈரத்தை விரட்டத்தான்.

1859-இல் சைகோனைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களோடு வந்த ரொட்டி இது. வியட்நாமியர்கள் நீளத்தைக் குறைத்து, மேலோட்டை மெலிதாக்கி, உள்ளே பஞ்சாக்கினார்கள். அரிசி மாவு கலப்பதுதான் ரகசியம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அரிசியில் குளூட்டன் கிடையாது, அது கூடினால் உப்பல் குறையும். கோதுமை மாவில் துளி வைட்டமின் சி சேர்ப்பதுதான் உண்மையில் கைகொடுக்கிறது. பிசையும்போது அது குளூட்டன் இழைகளுக்கிடையே கந்தகப் பிணைப்புகள் உருவாக உதவுகிறது. இந்த இழை வலை பலமானால் குமிழிகள் வெடிக்காமல் பெரிதாகும். அடுப்பில் விடும் நீராவி மேற்பரப்பைச் சீக்கிரம் காயவிடாது. ரொட்டி முழுதாக உப்பிய பிறகே ஓடு இறுகுவதால், அது மெல்லியதாக அமைகிறது.

அப்புறம் உள்ளே வைப்பது. 'டோ சுவா' என்ற கேரட், வெள்ளை முள்ளங்கி ஊறுகாயும் தண்ணீர்க் கணக்குதான். சீவிய காயை உப்பும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தால் சவ்வூடு பரவலில் நீர் வெளியேறும், துண்டு உடையாமல் வளையும். பிழிந்துவிட்டு வினிகரில் போட்டால், வேகவைக்காததாலும் புளிப்பாலும் காயின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் கரையாமல் நறுக்கென்றே இருக்கும். பாட்டிலைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம் அடிக்கும். கெட்டுப்போகவில்லை, முள்ளங்கியின் கந்தகச் சேர்மங்கள் அவை. இந்த ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பது, இருபுறமும் பூசும் ஈரல் விழுதும் முட்டை மஞ்சள்கரு மயோனைஸும். கொழுப்புக்குள் தண்ணீர் எளிதில் புகாது. பச்சை மிளகாயின் காரமும் கொழுப்பில்தான் கரையும்.

1975-இல் வியட்நாம் போர் முடிந்த பிறகு அகதிகளாகப் போனவர்கள் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, சிட்னியின் கப்ரமட்டா, பாரிஸின் 13-ஆம் வட்டாரம் என்று இதைக் கொண்டுபோனார்கள். அங்கும் இது மலிவான மதியச் சாப்பாடாகவே பெயரெடுத்தது. இறைச்சி நாலைந்து மெல்லிய வில்லைதான், ரொட்டியில் பாதிக்கு மேல் காற்று. வயிற்றைவிட முதலில் பல்லும் காதும் திருப்தியாவதால் குறை தெரிவதில்லை.

பார்சல் வாங்குவதென்றால் காகிதப் பையில் கேளுங்கள், ஊறுகாயைத் தனியாக வாங்குங்கள். வீட்டில் ரொட்டியை மட்டும் சூடான ஓவனில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம், அது உள்ளிருக்கும் நீரைக் கிளப்பி நேரே மேலோட்டுக்குத்தான் அனுப்பும்.