பூனை நகத்துக்குள் ஓர் எலும்பு

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் புது சோஃபா வாங்கினார். ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் பார்த்துச் சொல்லி வாங்கியது, அசல் தோல். நான்காம் நாளே அதன் கைப்பிடியில் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கீறல். செய்தது அவர் வீட்டில் இரண்டு வருடமாக வளரும் சாம்பல் நிறப் பூனை. "தம்பி, இதுக்கு நகத்த ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமாமே, அமெரிக்காவுல பண்றாங்கன்னு வீடியோவுல பாத்தேன். அது முடியாதுன்னா வேற இன்னா பண்றது, சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வரவேண்டியதுதான்" என்றார். கோபத்தில் வந்த பேச்சுதான், அவர் மனசுக்கு அப்படிச் செய்யமாட்டார். ஆனால் இந்த இரண்டையும் உண்மையிலேயே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நகத்தை எடுத்துவிட்டால் பூனையை விரட்ட வேண்டியிருக்காது என்று நினைத்து முதல் வேலையைச் செய்து, கடைசியில் இரண்டாவதில் போய் நிற்கிறவர்களும் உண்டு. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் பூனையின் நகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் நகம் விரல் நுனியின் தோலில் முளைத்து மேலே படிந்து கிடக்கிற ஒரு தகடு. முழு நகமும் பெயர்ந்து போனாலும் எலும்புக்கு ஒன்றும் ஆகாது, சில மாதத்தில் வளர்ந்துவிடும். பூனைக்கு அப்படியில்லை. அதன் ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பு கொக்கி மாதிரி வளைந்து கூராக முடிகிறது, அந்தக் கொக்கியின் மேல் உறை போட்டது போல நகம் வளர்கிறது. நகத்தை வளர்க்கும் திசுவும் அந்த எலும்பின் அடிப்பகுதியை ஒட்டியே இருக்கிறது. பூனை நகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு பகுதி தெரியும், ரத்தமும் நரம்பும் ஓடுகிற இடம் அது. முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு, மொத்தம் பதினெட்டு நகம்.

இனி அது உள்ளே போய் வெளியே வருவதைப் பார்ப்போம். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றுதான் பலரும் சொல்கிறோம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடப்பது நேர் எதிர். கடைசி எலும்பையும் அதற்கு முந்தைய எலும்பையும் ரப்பர் போல நீளக்கூடிய தசைநார்கள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. பூனை சும்மா படுத்திருக்கும்போது அந்த நார்களே கடைசி எலும்பை மேல்நோக்கி மடக்கி, நகத்தைத் தோல் மடிப்புக்குள் வைத்துக்கொள்ளும். இதற்குப் பூனை எந்த முயற்சியும் செய்ய வேண்டியதில்லை. நகம் வெளியே வரத்தான் வேலை. முன்கையில் உள்ள தசை சுருங்கி, விரலுக்கு அடியில் ஓடுகிற தசைநாணை இழுக்கும், கடைசி எலும்பு கீழ்நோக்கிச் சுழன்று நகம் வெளியே நீளும். ஸ்பிரிங் வைத்த கதவு தள்ளினால் திறந்து, கையை எடுத்ததும் தானாக மூடிக்கொள்கிறதே, அதே ஏற்பாடு. உங்கள் வீட்டுப் பூனை மடியில் தூங்கும்போது ஒரு விரலின் மேலும் கீழும் மெதுவாக அழுத்திப் பாருங்கள், நகம் வெளியே வரும், விட்டால் உள்ளே போகும்.

இதனால் என்ன லாபம் என்றால், நடக்கும்போது நகம் தரையில் படுவதில்லை, முனை மழுங்குவதில்லை. நாய் மொசைக் தரையில் நடந்தால் டக்டக் என்று சத்தம் வரும், பூனை பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் நமக்குத் தெரியும். பூனைக் குடும்பத்திலேயே சிவிங்கிப்புலிக்கு நகம் பாதி வெளியே நீட்டியபடி இருக்கும், ஓடும்போது மண்ணைப் பிடிக்க அதற்கு அது தேவை. சரி, நம் பூனைக்கு வருவோம். அதன் நகம் பின்பக்கமாக வளைந்திருப்பதால் மரத்தில் ஏறுவது சுலபம், தலைகீழாக இறங்கும்போது கொக்கி பிடிக்காது. வேப்பமரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டு இரவெல்லாம் கத்துவது இதனால்தான், பின்பக்கமாக இறங்கக் கற்றுக்கொண்ட பூனை தப்பித்துவிடும். தென் அமெரிக்கக் காடுகளில் உள்ள மார்கே என்ற சிறு காட்டுப்பூனைக்குப் பின்னங்கால் கணுக்கால் நன்றாகத் திரும்பும், அதனால் அது அணில் மாதிரி தலைகீழாகவே இறங்கும்.

அப்புறம், சோஃபாவை ஏன் கீறுகிறது? வீம்புக்கு அல்ல, நம்மைப் பழிவாங்கவும் அல்ல. நகம் வெங்காயம் போல அடுக்கடுக்காக வளர்கிறது. மேல் அடுக்கு பழசானதும் அதைக் கழற்ற எதிலாவது மாட்டி இழுக்க வேண்டும், பூனை வழக்கமாகக் கீறுகிற இடத்தில் பிறை வடிவத்தில் மெல்லிய ஓடுகள் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது ஒரு காரணம். இன்னொன்று, தூங்கி எழுந்ததும் முன்னங்காலை ஊன்றி, முதுகை நீட்டி, தோள்வரை சோம்பல் முறிப்பதற்கு நகம் எதையாவது பிடித்திருக்க வேண்டும். மூன்றாவதாக, பாதத்தில் உள்ள சுரப்பிகளிலிருந்து மணம் அந்த இடத்தில் ஒட்டும், 'இது என் வீடு' என்று பூனை எழுதி வைக்கிற எழுத்து அது, கீறலும் மணமும் சேர்ந்து. அதனால்தான் ஆள் நடமாட்டமுள்ள, எல்லாருக்கும் தெரிகிற இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அக்கா வீட்டு ஹாலில் அதைவிட நல்ல இடம் எது? அடித்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் கீறும், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஆபரேஷன். நகம் நீக்கம் என்ற பேரைக் கேட்டால் ஏதோ நன்றாக ஒட்ட வெட்டுவது போலத் தோன்றும். ஆனால் நகத்தை வளர்க்கும் திசு எலும்போடு இருப்பதால், அதில் துளி மிச்சமிருந்தாலும் நகம் கோணலாகத் திரும்ப முளைக்கும், தோலுக்கு உள்ளேயேகூட வளரும். ஆகவே அந்தக் கடைசி எலும்பையே மூட்டோடு துண்டிக்கிறார்கள். உங்கள் கையை விரித்து ஒவ்வொரு விரலிலும் கடைசி மூட்டைப் பாருங்கள், வெட்டு விழுவது அங்கே. முன்னங்கால் இரண்டுக்கு மட்டும் செய்தாலும் பத்து வெட்டு. கத்தி, வெட்டுக்கருவி, லேசர் என்று முறைகள் மாறும், லேசரில் ரத்தம் குறைவாகப் போகும், ஆனால் எடுக்கப்படுவது அதே எலும்புதான். எலும்பை விட்டுவிட்டு உள்ளே தசைநாணை மட்டும் அறுக்கிற இன்னொரு முறையும் உண்டு. அதில் நகம் இருக்கும், வெளியே நீட்ட முடியாது, கீறி ஓட்டைக் கழற்றவும் முடியாது. வாழ்நாள் முழுக்க யாராவது வெட்டிவிட வேண்டும், மறந்தால் தடித்து வளைந்து பாதத்திலேயே குத்தும்.

பூனை உள்ளங்காலை ஊன்றி நடக்கிற பிராணி அல்ல, விரல்களில் நடக்கிற பிராணி. அதன் முன்பக்க எடையைத் தாங்குகிற விரலின் நுனியை எடுத்துவிட்டால், தசைநாண் கட்டியிருந்த எலும்பும் போய்விடுகிறது, பாரம் வேறு இடத்துக்கு நகர்கிறது, நடை மாறுகிறது, முதுகும் அதற்கேற்ப வளைகிறது. 2017-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் நகம் நீக்கப்பட்ட 137 பூனைகளையும் நீக்கப்படாத 137 பூனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நகம் இழந்தவற்றில் முதுகுவலியும், கடிப்பதும், மணல் தட்டுக்கு வெளியே மலஜலம் கழிப்பதும் தெளிவாக அதிகம். எக்ஸ்ரேயில் 86 பூனைகளின் பாதத்தில் எலும்புத் துணுக்குகள் மிச்சமிருந்தன, அதாவது 63 சதவீதம். அந்தத் துணுக்கின் மேல்தான் அந்தப் பூனை தினமும் நடக்கிறது. பூனை வலியை வெளியே காட்டாத பிராணி என்பதால், ஆபரேஷன் முடிந்து நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அக்காவிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இந்த இடத்தைத்தான். பூனை மலம் கழித்தால் மணலைத் தோண்டி மூடும். புண்ணான விரலால் மணலைத் தோண்டினால் வலிக்கும், மணல் என்றாலே வலி என்று அது கற்றுக்கொள்ளும், பிறகு மெத்தென்று இருக்கிற இடத்தைத் தேடும், பெரும்பாலும் உங்கள் மெத்தைதான். பயந்தால் முதலில் ஓங்குவது நகம். அது இல்லையென்று ஆனதும் பல்தான் மிச்சம், பூனையின் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கி, கீறலைவிட மோசமாகச் சீழ் பிடிக்கும். சோஃபா கிழிகிறது என்று ஆரம்பித்த கதை, மெத்தை நாறுகிறது, குழந்தையைக் கடிக்கிறது என்று முடிகிறது. கிழிந்த சோஃபாவைப் பொறுத்துக்கொள்ளாத வீடு இதைப் பொறுத்துக்கொள்ளுமா? நகத்தை எடுக்காவிட்டால் பூனையைத் தெருவில் விட்டுவிடுவார்கள், அதற்கு இது தேவலை என்று அமெரிக்காவில் சில மருத்துவர்கள் வாதாடியதுண்டு. நல்ல எண்ணத்தில் சொன்னவர்களும் இருப்பார்கள், ஆனால் எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. பல நாடுகள் இதை ஏற்கவும் இல்லை. ஐரோப்பாவில் 1987-ம் ஆண்டின் செல்லப்பிராணிகள் உடன்படிக்கையே இதைக் கூடாது என்றது, இஸ்ரேல் 2011-ல் தடை செய்தது, அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக நியூயார்க் 2019-ல் தடை செய்தது. நம் நாட்டில் 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிராணியின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. மாட்டுக்குக் கொம்பு தீய்ப்பது, காயடிப்பது, மூக்கணாங்கயிறு போடுவது போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது, பூனை நகம் அந்த விலக்கில் இல்லை.

ஆற்றுக்கு அந்தாண்ட விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு தாண்டிவிட்டால் பூனைக்கு வழி தெரியாது என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பாலாற்றில் வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான், தண்ணீர் இல்லை, நடந்தே வந்துவிடலாம். வராமல் போகிற பூனைகளின் நிலைதான் மோசம். போன மே மாதம் காட்பாடி பக்கம் வாடகை வீடுகள் இருக்கிற தெருவில் ஒரு வெள்ளைப் பாரசீகப் பூனை, படிப்பு முடிந்து அறையைக் காலி செய்தவர்கள் விட்டுப்போனது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு காருக்கு அடியில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முடியெல்லாம் சடை பிடித்து, தட்டை மூக்கால் காற்றை இழுக்க முடியாமல். வேலூர் வெயில் நமக்கே தாங்காது. யாரோ தயிர்சாதம் வைத்திருந்தார்கள், மனசு நல்ல மனசு, ஆனால் பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும், அது இல்லாமல் நாளாக நாளாகக் கண்ணும் இதயமும் கெடும். தெருநாய்கள் வந்தால் அந்தப் பூனைக்கு இருந்த ஒரே வழி மரம். நகம் இருந்ததால் ஏறியது, இரண்டு முறை நானே பார்த்தேன். அதையும் எடுத்துவிட்டுத் தெருவில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. பட்டினியும் தாகமும் வரும்படி பிராணியைக் கைவிடுவதும் அதே சட்டத்தின் 11-ம் பிரிவில் குற்றம்தான், முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை இன்னும் அப்படியே நிற்கிறது.

அக்கா வீட்டுக்கு நாங்கள் செய்தது இதுதான். மூன்றடி உயரத்துக்கு ஒரு சவுக்குக் கட்டையை கனமான பலகையில் அறைந்து, லாங்கு பஜாரில் வாங்கிய தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றினோம். உயரம் முக்கியம், பூனை முழு உடம்பையும் நீட்ட வேண்டும். ஆடவும் கூடாது, ஒரு தடவை ஆடினால் மறுபடி தொடாது. அதை எங்கோ மூலையில் வைக்காமல் சோஃபா கைப்பிடிக்கு முன்னாலேயே வைத்தோம், கைப்பிடியில் கொஞ்ச நாளைக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினோம், பூனைக்கு வழுவழுப்பு பிடிக்காது. அது கட்டையைக் கீறும்போதெல்லாம் ஒரு துண்டு கருவாடு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அந்த இளஞ்சிவப்புப் பகுதிக்குக் கொஞ்சம் முன்னால், கூர்முனையை மட்டும் வெட்டிவிட வேண்டும். பூனைக்கென்று சின்ன நகவெட்டி கிடைக்கிறது. அக்காவின் மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் கீறல் பற்றிய பயம் நியாயமானதுதான், அதற்காகத் தெள்ளுப்பூச்சிக்கு மருந்தும் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டாயிற்று, கீறல் பட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் காலையில் கயிற்றில் இரண்டு பிறை ஓடு மாட்டியிருப்பதாக அக்கா போன் செய்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பூனையை மடியில் வைத்துக்கொள்வார், நான் முன்னங்காலில் ஒவ்வொரு விரலாக அழுத்தி வெட்டுவேன். பின்னங்காலை அது இன்னும் தொடவிடவில்லை.