காதில் எண் இருக்கிறது, தகப்பன் பெயர் இல்லை

செவ்வாய்க்கிழமை காலை பொய்கை மாட்டுச்சந்தையில் ஒரு மாட்டுக்கு விலை படிய எவை சாட்சி? பல் சாட்சி: இரண்டு பல், நாலு பல், வாய் சேர்ந்தது. சுழி சாட்சி. மடியும் பால் நரம்பும் சாட்சி. அதற்கு மேல் "அசல் புங்கனூர் வழி", "காங்கேயம் காளைக்குப் பிறந்தது" என்று சொன்னால், அதற்குச் சாட்சி தரகரின் வாய்ச்சொல் மட்டும்தான். பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். தகப்பனைச் சொல்ல மாட்டின் உடம்பில் அடையாளம் எதுவும் கிடையாது. அதற்குத் தாள் வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் அப்படித் தாளோடு சந்தைக்கு வரும் நாட்டு மாடு அரிது. வளர்ப்பவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. சட்டம் அந்தத் தாளை யாரிடமும் கேட்டதில்லை, எழுதிக் கொடுக்க ஓர் இடத்தையும் ஏற்படுத்தியதில்லை.

"அதுதான் பதிவு செய்கிறார்களே" என்று பலர் கேட்கிறார்கள். பதிவு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி வேலைகள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது இனப்பதிவு. 1984-இல் தொடங்கப்பட்டு, ஹரியானாவின் கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இதைச் செய்கிறது. ஓர் இனம் எந்த வட்டாரத்தில் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, கொம்பு, திமில், நிறம், அளவு என்னென்ன என்று அளந்து எழுதி விண்ணப்பித்தால், குழு ஆராய்ந்து அந்த இனத்துக்கு ஒரு பதிவெண் தரும். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வட ஆற்காட்டுப் பக்கம் பட்டி பட்டியாக மேயும் சென்னைச் சிவப்பு செம்மறியும் உண்டு. ஆனால் எண் பெறுவது இனம். உங்கள் கொட்டகையில் நிற்கும் மாடு அந்த இனம்தானா என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

இரண்டாவது காது வில்லை. 12 இலக்க எண், மஞ்சள் வில்லை. தடுப்பூசி, சிகிச்சை, காப்பீடு எல்லாம் இந்த எண்ணில்தான் ஏறுகின்றன. மாட்டைத் தனியாக அடையாளம் காட்டுவதில் இதைவிட நல்ல ஏற்பாடு நம்மிடம் முன்பு இருந்ததில்லை. தாய் எண், தகப்பன் எண் ஏற்றவும் மென்பொருளில் வழி இருக்கிறது. ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் காலியாகவே போகின்றன.

மூன்றாவது விந்து நிலையப் பதிவு. சினை ஊசிக்கான உறைவிந்து அடைத்த குச்சியில் காளையின் எண், இனம், நிலையம், சேகரித்த தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும். இங்கே தகப்பன் யார் என்று துல்லியமாகத் தெரியும். அந்தத் தகவல் சினை ஊசி போட்ட அன்றோடு நின்றுவிடுகிறது. பிறந்த கன்றின் காது வரைக்கும் வந்து சேர்வதில்லை.

இந்த மூன்றையும் இணைத்து, தாய் யார், தகப்பன் யார் என்று எழுதிவைக்கும் நாலாவது ஏடுதான் வம்சாவளிப் பதிவேடு. ஒன்றிய அரசின் மந்தைப் பதிவுத் திட்டம் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. அதன் அலுவலகங்கள் ரோத்தக், அகமதாபாத், ஓங்கோல், அஜ்மீர் ஆகிய நான்கு ஊர்களில். கிர், காங்ரேஜ், ஹரியானா, ஓங்கோல் மாடுகளும் முர்ரா, சுர்த்தி, மெஹ்சானா, ஜாப்ராபாதி எருமைகளும் அதில் வரும். தமிழ்நாட்டு மாடு ஒன்றுகூட வராது.

இன்று ஆந்திராவில் இருக்கும் புங்கனூரின் குட்டை மாட்டையே எடுத்துக்கொள்வோம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை புங்கனூர் ஜமீன் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. இன்று அந்தக் குட்டை மாட்டுக்குப் பலமநேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம்தான் பெரிய ஆதாரம். எல்லைக்கு இந்தப் பக்கம், குடியாத்தம், பேரணாம்பட்டு சுற்றுவட்டாரத்தில், குட்டையாக இருக்கும் எந்த மாட்டையும் புங்கனூர் என்று சொல்லி விற்க யாருக்கும் தடையில்லை. தீனி பற்றாமல் வளர்ச்சி குன்றிய மாடும் குட்டையாகத்தான் இருக்கும். வாங்குபவர் ஆசையோடு பெருந்தொகை கொடுத்துக் கொண்டுபோவார். அது ஈன்ற கன்று நல்ல தீனியில் நெடுநெடுவென்று வளரும்போதுதான் சேதி தெரியும்.

ஏமாற்று ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியாத இழப்பு அதைவிடப் பெரிது. ஊருக்கு ஒரு கோயில் காளை என்பது நம் பக்கத்து வழக்கம். 100 பசுக்களுக்கு ஒரே காளை என்றால் மரபுக் கணக்கு இப்படி: காளை எண்ணிக்கையையும் பசு எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 400-ஐ 101-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4. நூற்றொரு மாடு நின்றாலும் மரபு வளத்தில் அது நாலு மாட்டு மந்தைதான். ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ளினக்கலப்பு, அதாவது நெருங்கிய உறவு மாடுகள் தமக்குள் சேர்வதால் வரும் கலப்பு, சுமார் 12.5 சதவீதம் ஏறும். காளையை 4 ஆக்கினால் எண் 15-க்கு வரும், ஏற்றம் 3 சதவீதமாகக் குறையும். 15 காளை இருந்தால் எண் 52, ஏற்றம் 1 சதவீதம். உலக உணவு வேளாண் அமைப்பு 50-க்குக் குறையாமல் இருக்கச் சொல்கிறது. தகப்பன் தன் மகளோடு சேர்ந்தால் பிறக்கும் கன்றில் உள்ளினக்கலப்பு 25 சதவீதம், ஒரே காளையின் பிள்ளைகள் தமக்குள் சேர்ந்தால் 12.5 சதவீதம். சினை நிற்காமை, சவலைக் கன்று, பிறந்த சில நாளில் சாவு என்று அது வெளிப்படும். நாட்டுக் கிடேரி இரண்டரை, மூன்று வயதில் பருவத்துக்கு வந்துவிடும். ஆகவே ஒரு ஊரில் மூன்று ஆண்டுக்கு மேல் ஒரே காளை இருந்தால் அது தன் மகள்களையே சேரத் தொடங்கும். அடுத்த ஊர்க் காளையோடு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் அடுத்த ஊர்க் காளையும் அதே தகப்பனுக்குப் பிறந்ததா என்று பார்க்க ஏடு வேண்டுமே.

கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாதா? இந்தச் சுமை இப்போது கால்நடை மருத்துவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. ஜல்லிக்கட்டில் நாட்டினக் காளைகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும், நாட்டினம்தான் என்று மருத்துவர் சான்று தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-இன் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டு என்பதில் நம் பக்கத்து எருது விடும் விழாவையும் சேர்த்தே சொல்கிறது. திமில், அலைதாடி, காது, கொம்பு பார்த்து ஜெர்சியின் முதல் கலப்பைப் பிடித்துவிடலாம். அதை மீண்டும் நாட்டுக் காளைக்குச் சேர்த்து, பிறந்த கிடேரியை மறுபடியும் சேர்த்தால் 87.5 சதவீதம் நாட்டு ரத்தம். அந்தக் கன்றுக்குத் திமில் நிறைந்திருக்கும். அதையும் அசலையும் கண்ணால் பிரிக்க யாராலும் முடியாது. சான்று கேட்கும் அரசு, சான்றுக்கு அடிப்படையான ஏட்டைத் தரவில்லை.

ஏடு எழுதுவது பெரிய வித்தை இல்லை. எங்கே பிசகும் என்று தெரிந்து எழுத வேண்டும். சினை ஊசி போட்டதும் வெறும் குச்சியை வீசுவதற்கு முன் அதிலுள்ள காளை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். ஒரே பருவத்தில் காலையில் ஒரு குச்சி, மாலையில் ஒரு குச்சி போட்டால் இரண்டும் ஒரே காளையுடையதாக இருக்க வேண்டும். வேறு வேறாகப் போட்டால் கன்றுக்குத் தகப்பன் யாரென்று மரபணுச் சோதனை இல்லாமல் சொல்ல முடியாது. ஊசி போட்ட மாட்டை மேய்ச்சலுக்கு விட்டு, அங்கே ஒரு காளை ஏறியிருந்தால் அதையும் தேதியோடு எழுத வேண்டும். இதை மறைப்பதால்தான் பாதிப் பதிவுகள் கெடுகின்றன. மூன்று வாரம் கழித்துப் பருவம் திரும்பியதாக நினைத்து வேறு காளைக்குச் சேர்த்திருந்தால், ஈன்ற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். இரண்டாவது சேர்க்கையிலிருந்து 262 நாளில், முழு வளர்ச்சியோடு கன்று பிறந்தால் அது முதல் காளையின் கன்று.

வில்லை முள்ளில் மாட்டி அறுந்து, புது எண்ணில் வேறு வில்லை போடும்போது பழைய எண்ணையும் கட்டாயம் இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே பசு ஏட்டில் இரண்டு பசுவாகிவிடும், முதல் இரண்டு ஈத்துக் கன்றுகள் தாயில்லாப் பிள்ளைகளாகிவிடும்.

செம்மறிப் பட்டியில் கதை வேறு. ஒரே பட்டியில் மூன்று கிடா நின்றால் எந்தக் குட்டி எதனுடையது என்று யாருக்கும் தெரியாது. சேர்க்கைக் காலத்திலாவது பட்டியைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரு கிடா விட வேண்டும். கிடாவின் நெஞ்சில் எண்ணெயில் குழைத்த சாயம் பூசினால் அது ஏறிய ஆடுகளின் முதுகில் கறை படியும். 17 நாளுக்கு ஒரு முறை நிறத்தை மாற்றினால் எது மறுபடி பருவத்துக்கு வந்தது என்பதும் தெரியும்.

சந்தேகம் வந்தால் மரபணு தீர்த்துவைக்கும். வால் குஞ்சத்தில் 20, 30 முடியை வேரோடு பிடுங்கி, காகித உறையில் போட்டு, எண் எழுதி அனுப்பினால் போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்துக் கெடும். கத்தரித்த முடியில் வேர் இல்லாததால் பயன்படாது.

இனி சட்டம். கால்நடை வளப் பாதுகாப்பும் மேம்பாடும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 15-ஆம் இனம். ஆகவே தில்லிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சென்னை மாகாணம் 1940-இலேயே கால்நடை மேம்பாட்டுச் சட்டம் ஒன்றைச் செய்தது. காளைக்கு உரிமம், உரிமம் இல்லாததற்குக் காயடிப்பு என்பதே அதன் சாரம். 2019-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மாட்டின இனப்பெருக்கச் சட்டம் விந்து நிலையங்களையும் சினை ஊசி போடுபவர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்து, மேற்பார்க்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது. விந்தின் தரத்துக்கு அது தேவைதான். ஆனால் இனப்பெருக்கத்துக்கு விடும் பொலிகாளைக்குச் சான்று வேண்டும் என்றபோது, ஒன்றிரண்டு நாட்டுக் காளை வைத்திருப்பவர்கள் பதறினார்கள். அந்தப் பதற்றம் நியாயமானது. தாயின் பால் கணக்கு காளையை அளக்கும் கோலாகிவிட்டால், ஏர் இழுக்கவும் வண்டி இழுக்கவும் ஓடவும் வளர்த்த இனங்கள் எல்லாம் தேறாதவையாகிவிடும். தாள் இல்லை என்பதற்காக ஒரு நாட்டுக் காளைக்குக் காயடித்தால் அந்த வழி அதோடு முடிந்தது.

எங்கள் பார்வையில் திருத்த வேண்டியது அங்கேதான். காளையைத் தடுக்கும் சட்டமாக இருப்பதை, வழியை எழுதிவைக்கும் சட்டமாக மாற்ற வேண்டும். கனடாவில் இதற்கென்றே தனிச் சட்டம் உண்டு. 1988-இன் விலங்கு வம்சாவளிச் சட்டம் வளர்ப்போர் சங்கங்களையே ஏட்டுக்குப் பொறுப்பாக்குகிறது. பதிவு பெற்ற மாடு என்று சொல்லி விற்றால் ஆறு மாதத்துக்குள் சான்றிதழை வாங்கியவர் பெயருக்கு மாற்றித் தர வேண்டும், தவறினால் குற்றம். இந்த ஒரு பிரிவு இங்கே வந்தால் பொய்கை சந்தையில் "அசல்" என்ற சொல்லுக்கு ஒரு பொருள் கிடைக்கும். இனப் பெயர் சொல்லாமல் மாடு விற்பவருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது.

கால்நடை இனவிருத்தி பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/1012 ஒழுங்குமுறையில் நமக்கு இன்னும் பொருத்தமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது: ஏட்டில் முதன்மைப் பகுதி, துணைப்பகுதி என இரண்டு. வம்சாவளி தெரியாத, ஆனால் இன அடையாளம் உள்ள பசுவைத் துணைப்பகுதியில் சேர்க்கலாம். தாயும் தாய்வழிப் பாட்டியும் துணைப்பகுதியில் இருந்து, தகப்பனும் இரு பாட்டன்களும் முதன்மைப் பகுதியில் இருந்தால், அந்தக் கிடேரி முதன்மைப் பகுதிக்கு ஏறும். இன்று தாளே இல்லாத நம் மாடுகளுக்கு இப்படித் திறந்த வாசல் வேண்டும். முதல் நாளே கதவைச் சாத்திய ஏடாக எழுதினால், அரசுப் பண்ணைகளில் இருக்கும் சில நூறு மாடு மட்டுமே இனம் என்றாகி, ஜவ்வாது மலையடியில் நிற்கும் நல்ல மாடெல்லாம் வெளியே போய்விடும். உள்ளினக்கலப்பும் அங்கேயே தொடங்கும்.

சங்கம் ஏட்டை வைத்திருக்க, அரசு தணிக்கை செய்ய வேண்டும். இருபது கன்றுக்கு ஒன்று என்று குலுக்கிப் போட்டு மரபணுச் சோதனை செய்தாலே பொய்ப்பதிவு அடங்கும். 12 இலக்க வில்லை எண்ணே வம்சாவளி எண்ணாகவும் இருக்கட்டும், இன்னொரு எண் வேண்டாம்.

சட்டம் திருந்தும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. எருது விடும் விழாவுக்குக் காளையைப் பதியும் படிவத்தில் உரிமையாளர் பெயருக்குக் கீழே இரண்டு கட்டம் சேர்க்கலாம்: தாயின் வில்லை எண், தகப்பனின் வில்லை எண் அல்லது குச்சி எண். தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதட்டும், காளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இந்தத் தை மாதம் தெரியாது என்று எழுதியவர், வீட்டில் அடுத்து ஈனப்போகும் பசுவுக்குக் குச்சி எண்ணைக் கேட்டு வாங்கிவைப்பார்.