நுரையீரல் நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை: பணம் கட்டுவதற்கு முன் அறிய வேண்டிய விதிகள்

கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரிலும், வண்டிப்பெரியாறு, பீர்மேடு தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழரிலும், பீடியாலும் விறகடுப்புப் புகையாலும் நுரையீரல் கெட்டு, நாலு படி ஏறுவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவோர் உண்டு. இந்த நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைக் கட்டுக்குள் வைக்கலாம், முழுமையாகக் குணப்படுத்த முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு, ஸ்டெம் செல் (உடலின் பிற செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) செலுத்தினால் நுரையீரல் புதிதாகும் என்ற விளம்பரம் கண்ணில் பட்டால், நகையை அடகு வைத்தாவது போய்ப் பார்க்கலாம் என்று குடும்பம் நினைப்பது இயல்புதான். அப்படிப் புறப்படும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்டெம் செல்லுக்கான தேசிய வழிகாட்டு நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2007இல் வெளியிட்டபோது, அதன் தலைப்பில் ‘ஆராய்ச்சி’, ‘சிகிச்சை’ என்ற இரண்டு சொற்களும் இருந்தன. 2013இல் திருத்தியபோது ‘சிகிச்சை’ என்ற சொல்லை நீக்கிவிட்டார்கள். அந்த ஒரு நீக்கமே அரசின் நிலையைச் சொல்லிவிடுகிறது. 2017ஆம் ஆண்டின் நெறிமுறைகளின்படி, ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கு ஸ்டெம் செல்லைக் கொண்டு செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வகை மட்டுமே வழக்கமான சிகிச்சையாகும். நுரையீரல் நோய் உட்பட மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்தலாம், அதற்கு வெளியே கொடுப்பது நெறிமீறல்.

இந்தக் கட்டுப்பாடு காரணமின்றி வந்ததல்ல. இந்நோயாளிகள் 62 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஸ்டெம் செல் ஏற்றியதால் பெரிய பாதகம் நேரவில்லை. ஆனால், அது ஏற்றப்படாதவர்களைவிட அவர்களது மூச்சுத்திறன் கூடவும் இல்லை.

முறையான ஆய்வில் சேர வாய்ப்பு வந்தால், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் உங்களுக்குத் தெளிவான உரிமைகளைத் தருகின்றன. அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் நீங்களே பார்க்கலாம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது, எல்லைப்புறத்தில் இருக்கும் நமக்கு மிக முக்கியமானது. மலையாளத்தில் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்பவர் மலையாளப் படிவத்தில் கையெழுத்திடவே கூடாது. தமிழில் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு.

ஆய்வில் சேர்பவரிடம் ஆய்வுக்கான செலவை வசூலிக்கக் கூடாது என்று ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி விதிகள் கூறுகின்றன. ஆகவே நுரையீரலுக்கு ஸ்டெம் செல் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால், அங்கே நடப்பது முறையான ஆய்வு அல்ல என்று அந்தக் கேள்வியிலேயே அறிந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும், கேரளத்தின் காருண்யா காப்பீடும் இதற்குக் கைகொடுக்க மாட்டா. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையான அந்தப் பயன் வரையறுக்கப்பட்ட சிகிச்சைகளுக்கே உரியது. உண்மையில் பயன் தரும் இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி, புகையை நிறுத்த உதவி ஆகியவற்றுக்கு, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். இடுக்கிப் பக்கம் இருப்பவர்கள், நாட்பட்ட சுவாச நோயாளிகளுக்கான கேரள அரசின் ‘ஸ்வாஸ்’ திட்டத்தைப் பற்றித் தங்கள் குடும்பாரோக்கிய மையத்தில் விசாரிக்கலாம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவருக்கும் வழி உண்டு. சிகிச்சை கொச்சியில் நடந்திருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பத்தில் வசிப்பவர் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும் என்பதால், ரசீதுகளையும் மருந்துச் சீட்டுகளையும் விளம்பரத்தின் படத்தையும் இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.