ஸ்ட்ரைக்: அடிபடாத பந்துக்கு 'அடி' என்று பெயர்

ஸ்ட்ரைக் என்றால் நமக்குப் பேருந்து ஓடாத நாள். கிரிக்கெட் வர்ணனை கேட்பவருக்கு, பந்தை எதிர்கொள்ளும் முனை. பேஸ்பாலில் இரண்டும் இல்லை. அங்கே அது மட்டையாளர் கணக்கில் ஏறும் ஒரு பாதகம்; மூன்று ஏறினால் அவுட். அடித்தல் என்று பொருள்படும் சொல், அடிக்காமல் கோட்டைவிட்டதற்குப் பெயரானதுதான் வேடிக்கை.

நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் பேஸ்பால் சங்கம் 1845இல் எழுதிய விதிகளில் விடை இருக்கிறது. மூன்று பந்துகளை அடிக்க ஓங்கித் தவறவிட்டு, கடைசிப் பந்து எதிரணியிடம் பிடிபட்டால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும் என்றது விதி. 'அடிக்க ஓங்கியது' மட்டும் பேச்சில் நின்றது, 'தவறவிட்டது' உதிர்ந்துவிட்டது. அந்த 'பிடிபட்டால்' என்ற நிபந்தனை இன்றும் உயிரோடிருக்கிறது: மூன்றாவது ஸ்ட்ரைக்கை, மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் நழுவவிட்டால், மட்டையாளர் முதலில் ஓடிச் சேர வேண்டிய நிலையான முதல் பேஸ் காலியாக இருந்தாலோ ஏற்கெனவே இரண்டு பேர் அவுட்டாகியிருந்தாலோ, மட்டையாளர் முதல் பேஸுக்கு ஓடித் தப்பலாம்.

மட்டையை வீசாமல் நிற்பவரை அந்த விதி ஒன்றும் செய்யவில்லை. பிடித்த பந்து வரட்டும் என்று அவர் எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். அதனால் 1858இல், நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக் என்று நடுவர் அறிவிக்கலாம் என்றானது. சொல்லுக்கும் அடிக்கும் இருந்த கடைசி உறவும் அத்தோடு அறுந்தது.

எது நல்ல பந்து? மட்டையாளர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த பலகையான ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு நேர்மேலே, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து, தோளுக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுப்பகுதி வரை உள்ள வெளிதான் ஸ்ட்ரைக் எல்லை. பந்தின் ஒரு ஓரம் அதைத் தொட்டாலே போதும். ஆளுக்கு ஆள் உயரம் மாறுவதால் எல்லையும் மாறும். நடுவரோடு வரும் சண்டைகளில் பாதி இதனால்தான். எல்லைக்கு வெளியே வந்த பந்தை மட்டையாளர் வீசாமல் விட்டால் அது 'பால்'. நான்கு சேர்ந்தால் முதல் பேஸ் இலவசம்.

பக்கவாட்டில் போகும் ஃபவுல் அடியும் முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை கணக்கில் ஏறும். மூன்றாவதாக ஏறாது. மெல்லத் தட்டிவிடும் 'பன்ட்' மட்டும் விலக்கு: இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பின் அது ஃபவுலானால் அவுட். இல்லாவிட்டால் நல்ல பந்து வரும்வரை தட்டிக்கொண்டே இருக்கலாமே.

அமெரிக்க அரசியலில் இந்தச் சொல் இறங்கியது 1990களில். 'மூன்று ஸ்ட்ரைக், நீ அவுட்' என்ற மைதான வாய்பாட்டை வாஷிங்டன் மாநிலம் 1993இலும் கலிஃபோர்னியா 1994இலும் சட்டமாக்கின. கலிஃபோர்னியாவில் கடுங்குற்றம் இரண்டு செய்தவர் மூன்றாவதாகச் செய்தது ஃபெலனி (சிறு குற்றங்களுக்கு மேற்பட்டது) வகையைச் சேர்ந்த எந்தக் குற்றமானாலும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு இப்படி விழுந்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 2003இல் உறுதிசெய்தது. 2012இல்தான், மூன்றாவதும் பொதுவாகக் கடுங்குற்றமாக இருக்க வேண்டும் என்று வாக்காளர்கள் திருத்தினார்கள். ஆட்டத்தில் மூன்று ஸ்ட்ரைக்கும் ஒரே எடை; வாழ்க்கையில் அப்படியில்லை என்பதை அந்த வாய்பாடு மறைத்துவிட்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'அடி' நேர் எதிர்ப்பொருள் தரும். 'தவறிய பந்து' என்றால் பந்து வீசியவர் தவறு என்று படும். மட்டை வீசித் தவறவிட்டது, மட்டை வீசாமல் விட்டது, ஃபவுல் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது ஒரு வாய்ப்பு கைநழுவுவது. எனவே 'வாய்ப்பிழப்பு' பொருந்தும்: மூன்று வாய்ப்பிழப்பு, ஓர் ஆட்டமிழப்பு. 'பால்' என்பதற்கு 'விலகுபந்து' போதும். சட்டத்தைப் பற்றி எழுதும்போது ஆட்டத்தையே இழுக்க வேண்டாம். 'மும்முறைக் குற்றச் சட்டம்' என்றால் விளங்கும். ஒருவரைப் பற்றி 'ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக்' என்று ஆங்கிலத்தில் வந்தால், 'இன்னும் ஒரே வாய்ப்புதான் பாக்கி' என்று எழுதிவிடலாம். பௌலிங் ஆட்டத்து ஸ்ட்ரைக்குக்கு மட்டும் 'வாய்ப்பிழப்பு' என்பதைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே அது பத்துக் கட்டைகளையும் ஒரே உருட்டில் சாய்ப்பது.