பையன் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறானா?

சித்திரை மாதத்து மதுரை வெயிலில், பனியன் போட்டு அதன்மேல் இன்னொரு டீ-சர்ட்டும் போட்டுக்கொண்டு ஒரு பையன் உள்ளே வந்தால் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிற அம்மாக்கள் வேறு எதையாவது சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். கபடிக்குப் போவதை நிறுத்திவிட்டான், கிணற்றுக்குக் குளிக்கக் கூப்பிட்டால் வருவதில்லை, குலசாமி கோயிலில் சட்டையைக் கழற்றச் சொன்னதற்கு அழுதுவிட்டான் என்று. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நெஞ்சுல கட்டி மாதிரி இருக்கு சார், கேன்சரா இருக்குமோ?" என்பார்கள்.

இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் என்பது அரிதிலும் அரிது. பருவமடையும் பையன்களில் பாதிப் பேர் வரை மார்புக் காம்புக்கு அடியில் கொஞ்சம் சுரப்பித் திசு வளர்கிறது. கைனகோமாஸ்டியா என்று பெயர். 12 முதல் 14 வயதுக்குள் அதிகம். சட்டைப் பட்டன் அளவில் கெட்டியாகத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். ஒரு பக்கம் முதலில் வரலாம், ஒரு பக்கத்தோடு நின்றும் போகலாம்.

ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் ஒரு பகுதியை, குறிப்பாகக் கொழுப்புத் திசுவில் இருக்கும் ஒரு நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. பருவத்தின் தொடக்கத்தில் இரண்டுக்கும் உள்ள விகிதம் சில காலம் ஈஸ்ட்ரோஜன் பக்கம் சாய்கிறது. டெஸ்டோஸ்டிரோன் முழு அளவை எட்டியதும் திசு தானாகவே சுருங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் போய்விடும். "நான் பொண்ணா மாறிருவேனா டாக்டர்?" என்று கேட்கிற பையனுக்கு இதைப் படம் போட்டே விளக்குவேன். வெளியில் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி அவன் மனதில் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிராய்லர் கோழி பற்றிக் கேட்காத குடும்பமே இல்லை. அந்தக் கோழி சீக்கிரம் பெருப்பதற்குக் காரணம் அதன் இனத் தேர்வும் தீவனமும்தான், ஹார்மோன் ஊசி அல்ல. கறியை நிறுத்தி இந்தக் கட்டி கரையாது. பையன் குண்டாக இருந்தால் அது வேறு கணக்கு. வெறும் கொழுப்பு மட்டுமே மார்பு போலத் தெரியலாம். படுக்க வைத்து இரண்டு விரலால் பக்கவாட்டிலிருந்து காம்பை நோக்கி நகர்த்திப் பார்த்தால், சுரப்பி வட்டமாகத் தடுக்கும். கொழுப்பில் எதுவும் தடுக்காது. கொழுப்பு எடை குறைந்தால் குறையும். சுரப்பியைத் தண்டால் எடுத்துக் கரைக்க முடியாது.

எண்ணெய் தடவி அழுத்தி விடுவது வேண்டவே வேண்டாம். பிறந்த குழந்தைக்குத் தாயின் ஹார்மோனால் மார்பு வீங்கினால் அப்பத்தாக்கள் பாலைப் பிதுக்குவார்களே, அதிலும் இதே சங்கதிதான். பிதுக்கிப் பிதுக்கிச் சீழ் கட்டிக்கொண்டு வரும் குழந்தைகள் உண்டு.

பரிசோதனையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, விதைகளைப் பார்ப்பது. கூச்சத்தில் பையனும் மறுப்பான், வீட்டாரும் "அது எதுக்கு சார்" என்பார்கள். ஆனால் மார்பை மட்டும் பார்த்துச் சொல்கிற வைத்தியம் பாதி வைத்தியம். விதையில் கட்டி இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். உயரமாக, கால்கள் நீளமாக, விதைகள் சிறியதாகவும் கெட்டியாகவும் இருந்தால் க்ளைன்ஃபெல்டர் என்ற நிலையா என்று குரோமோசோம் பரிசோதனை செய்வோம். ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் இது, ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு உண்டு. பலருக்குக் கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று வரும்போதுதான் தெரிகிறது.

பருவ அடையாளம் எதுவும் தோன்றுவதற்கு முன்பே மார்பு வளர்ந்தாலும், காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிந்தாலும், கட்டி காம்புக்கு அடியில் இல்லாமல் தள்ளி, கல் போல இருந்தாலும், வேகமாகப் பெருத்தாலும், இரண்டு வருடம் தாண்டியும் குறையாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. பெரியாஸ்பத்திரியிலேயே காட்டலாம். ஸ்பைரோனோலாக்டோன் (நீர் பிரிய), ரிஸ்பெரிடோன் (மனநலத்துக்கு), கீட்டோகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கு) போன்ற மாத்திரைகளாலும் இது வரும். ஜிம்மில் யாரோ போட்டுவிட்ட ஸ்டீராய்டு ஊசியாலும் வரும். இதைக் கேட்கும்போது அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொல்வேன்.

"காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு" என்று ரீல்ஸில் வரும் விளம்பரத்தைக் காட்டி, பதினாலு வயதுப் பையனுக்குத் தேதி கேட்கிறார்கள். இந்த வயதில் பொதுவாக வேண்டாம் என்பேன். பருவம் முடியாமல் எடுத்தால் மறுபடி வளர வாய்ப்பிருக்கிறது. 17, 18 வயதிலும் மறையாமல், அவன் மனதையும் வாட்டினால் தாராளமாகச் செய்யலாம். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் சிறிதாகக் கீறிச் சுரப்பியை எடுத்து, தேவைப்பட்டால் கொழுப்பையும் உறிஞ்சி எடுப்பார்கள். அப்புறம் சில வாரங்கள் இறுக்கமான பனியன் போட வேண்டும். மாத்திரையால் பலன் இருந்தால், புதிதாக வந்து வலிக்கிற கட்டிக்குத்தான். நாள்பட்டு நார்த்திசுவாகிவிட்டால் பெரிதாகக் கேட்காது.

அதுவரை வீட்டில் ஒன்றே ஒன்று. சொந்தக்காரர்கள் முன்னால் சட்டையைத் தூக்கிக் காட்டாதீர்கள். அப்பா தனியாக உட்கார்ந்து, "எனக்கும் இருந்துச்சுடா" என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. பல அப்பாக்களுக்கு உண்மையிலேயே இருந்திருக்கும். பள்ளியில் பட்டப்பெயர் வைத்திருந்தால் வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து அளவு பார்த்துப் போனால் போதும். வரும்போது அவன் சாப்பிடுகிற மாத்திரை அட்டை, புரோட்டீன் பவுடர் டப்பா எதுவானாலும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.